உப்பளத்துப் புரதத்தில் ஒரு நினைவகம்

"புரதத்தில் கணினி நினைவகம் செய்யலாம் என்கிறார்களே, பால் மாதிரி திரிந்துபோகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் எல்லாப் புரதமும் பால் புரதம் அல்ல.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில், உப்பு இறங்கும் சமயத்தில் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களின் வேலை அது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் பாக்டீரியோரோடாப்சின் என்ற ஊதாநிறப் புரதம் இருப்பதை 1971இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கெனியஸும் அறிவித்தார்கள். வெயிலை வாங்கி, புரோட்டானை வெளியே தள்ளி, உயிருக்கு ஆற்றல் தேடித் தருவது அதன் தொழில். வெயிலில் சூடேறிய உப்புநீரில் பிழைக்க வேண்டிய புரதம் ஆதலால், 80 டிகிரி சூட்டுக்கும் அசையாது.

சரி, தகவலை எங்கே எழுதுவது?

புரதத்தின் நடுவே ரெட்டினால் என்ற மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. நம் கண்ணில் இருப்பதும் அதன் உறவுதான். பச்சை ஒளி பட்டதும் அது வளைகிறது. உடனே புரதம் ஒவ்வொரு வடிவமாக மாறி, ராட்டினம் போல ஒரு சுற்றுச் சுற்றி, சுமார் 10 மில்லி விநாடியில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. வடிவம் மாற மாற நிறமும் மாறும். சுற்று முடியப்போகும்போது 'ஓ' என்றொரு நிலை வரும். அதற்குச் சிவப்பு ஒளியை விழுங்கத் தெரியும். சரியாக அந்த நேரத்தில் சிவப்பைக் காட்டினால் புரதம் பாதை மாறி, 'கியூ' நிலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே ரெட்டினாலின் பிணைப்பு அறுந்துவிடுகிறது. ஆனால் பொந்தைவிட்டு வெளியேற வழியில்லை. அதனால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பழைய ஊதா நிலை 0, கியூ நிலை 1 என்று வைத்துக்கொள்ளலாம். அழிக்க நீல ஒளி போதும்.

அமெரிக்காவின் சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பர்ஜ் என்ற ஆய்வாளர் இதை ஒரு கண்ணாடிப் புட்டியில் கூழோடு கலந்து வைத்தார். பச்சை ஒளியைத் தாள்போல மெல்லிதாக உள்ளே விட்டால் ஒரு அடுக்கு மட்டும் விழிக்கும். சில மில்லி விநாடி கழித்துப் பக்கவாட்டிலிருந்து வரும் சிவப்பு, தூங்குகிற அடுக்குகளைச் சும்மா கடந்துபோகும். விழித்த அடுக்கில் தான் தொட்ட புள்ளிகளை மட்டும் மாற்றும். கம்பியே இல்லாமல் முப்பரிமாண நினைவகம்!

பிறகு ஏன் கடையில் கிடைக்கவில்லை? இயற்கைப் புரதம் அந்தக் குறுக்குப் பாதைக்கு அபூர்வமாகத்தான் திரும்புகிறது. மரபணுவை மாற்றி மாற்றி நல்ல ரகம் தேடிக்கொண்டிருந்த காலத்தில் சிலிக்கான் மலிந்துவிட்டது. இதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதே குடும்பத்து ஹாலோரோடாப்சினை வைத்துத்தான் இன்று எலியின் மூளை நரம்புகளை ஒளியால் அடக்கிப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கு நிதி கேட்டால் 'பயன் என்ன?' என்று முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு வைக்கிறார்களே, 1971இல் அதில் யார் இதை எழுதியிருக்க முடியும்?