அஜினோமோட்டோ மேல் பழியைப் போடாதீர்கள்

"எனக்கு அஜினோமோட்டோ அலர்ஜி டாக்டர்."

அவசர சிகிச்சைப் பிரிவில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன சனிக்கிழமை இரவு வந்த பெண்ணைப் பார்த்த பிறகும் இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வயது 26. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தோழியின் பிறந்தநாளுக்காகப் போனது ஒரு புதுப் பாணி ஆசிய உணவகம். ஏழெட்டு அயிட்டங்களை மேசை நடுவில் வைத்து எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடும் வகை. தோழிகள் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். உதடு தடித்துத் தொங்கியது, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே வீசிங் காதில் விழுந்தது. ரத்த அழுத்தம் 80/40.

ஊசி போட்டு, ஆக்சிஜன் கொடுத்து, சலைன் ஏற்றி, அவரால் நான்கு வார்த்தை சேர்த்துப் பேச முடிந்ததும் கதை வந்தது. சின்ன வயதில் இரண்டு முறை இறால் சாப்பிட்டு உடம்பெல்லாம் அரித்திருக்கிறது. அதிலிருந்து இறாலைத் தொடுவதில்லை. ஆனால் ஆசிய உணவகங்களுக்குப் போய்வந்தால் மட்டும் இறால் சாப்பிடாமலேயே தடிப்பு வந்திருக்கிறது. அதனால் "அஜினோமோட்டோதான் ஒத்துக்கல" என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அன்றைக்கும் ஜாக்கிரதையாகவே கேட்டிருக்கிறார்: "இதுல அஜினோமோட்டோ இருக்கா?"

"இல்லை மேடம், நாங்க போடுறதே இல்லை."

பரிமாறியவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தாய்லாந்து 'கிரீன் கறி' குழம்பில் கத்தரிக்காயும் டோஃபுவும்தான் மிதந்தன, அஜினோமோட்டோ இல்லை. கறிக்கு அரைத்த மசாலாவில் இறால் விழுது இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த அஜினோமோட்டோ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஜினோமோட்டோ என்பது ஒரு கம்பெனியின் பெயர். உள்ளே இருப்பது மோனோசோடியம் குளூட்டமேட். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-இல் கொம்பு என்ற கடற்பாசியின் ரசத்திலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதே குளூட்டமேட் பழுத்த தக்காளியில் இருக்கிறது, காளானில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. பிறகு எப்படிக் கெட்ட பெயர் வந்தது? 1968-இல் ஒரு மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் தனக்குப் பின்கழுத்து மரத்துப் படபடப்பு வருவதாக ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். காரணம் சோயா சாஸாக இருக்குமா, சமையலில் ஊற்றும் ஒயினா, உப்பா, இந்தக் குளூட்டமேட்டா என்று சந்தேகமாகத்தான் கேட்டிருந்தார். மற்றதெல்லாம் தப்பித்துவிட்டன, இது மட்டும் மாட்டிக்கொண்டது. பின்னால், எது கலந்தது எது கலக்காதது என்று சொல்லாமல் கொடுத்து நடத்திய ஆய்வுகளில் அந்தத் தொந்தரவுகள் நிலையாக வரவில்லை. வெறும் வயிற்றில் மூன்று கிராமுக்கு மேல் கொடுத்தபோது சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி, முகச் சிவப்பு வந்தது உண்டு. தானாகப் போய்விட்டது.

ஆகவே, உதடு வீங்கி மூச்சு இழுத்தால் குளூட்டமேட்டை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். (ஒரு சமையலறையில் "அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை" என்ற போர்டுக்குக் கீழேயே சோயா சாஸ் கேன்களை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். சோயா சாஸில் நிறைய இருப்பது அதே குளூட்டமேட்தான். சிரிப்பதா அழுவதா?)

தேட வேண்டிய இடம் சாஸும் விழுதும். தட்டில் கண்ணுக்குத் தெரியும் இறாலை எல்லோருமே ஒதுக்கிவிடுகிறோம். ஃபிஷ் சாஸ் என்பது நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு. தேன் நிறத்தில் தண்ணீர் மாதிரி இருக்கும், கறியில் கலந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. வெறும் கீரை வதக்கலில் ஆய்ஸ்டர் சாஸ் இருக்கலாம், அது சிப்பி. சம்பல் (மிளகாய்த் துவையல்), லக்ஸா (நூடுல்ஸ் சூப்) விழுதுகளில் பெரும்பாலும் இறால் உண்டு. காய்கறிதானே என்று கொரிய ஊறுகாயான கிம்ச்சியை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் வழக்கமாகச் சேர்ப்பது உப்பில் ஊறிய குட்டி இறால். மிசோ சூப்பின் அடிப்படை ரசம் பெரும்பாலும் சூரை மீன் சீவலில் இறக்கியது. பப்பாளி சாலட்டில் காய்ந்த இறாலும் வேர்க்கடலையும் சேர்ந்தே வரும். சதேயின் (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) சாஸ் முழுக்க வேர்க்கடலை. 'தான் தான்' என்ற சீன நூடுல்ஸில் எள் விழுது. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாராகிறது, கோதுமை ஆகாதவர்கள் கவனிக்க வேண்டும்.

"நல்லா வெந்தா போயிடும்ல டாக்டர்?" போகாது. இறாலில் பெரும்பாலானவர்களுக்கு ஒவ்வாமை தரும் புரதத்தின் பெயர் ட்ரோப்போமயோசின். கொதிக்கவைத்தாலும் அது அசையாது. வேர்க்கடலையை வறுத்தால் வீரியம் கூடவே செய்யும். இறால் பொரித்த எண்ணெயிலேயே காய்கறி டெம்புராவையும் (ஜப்பானிய பஜ்ஜி) பொரித்தால் அதிலும் இறால்தான். வாணலியைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து அடுத்த ஆர்டரை ஏற்றுவது, கூட்டம் நெரியும் எந்தச் சமையலறையிலும் நடக்கும். ஒரே கரண்டியை எட்டுத் தட்டிலும் போட்டுப் பரிமாறிக்கொள்வதைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா?

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "இறால் இருக்கா?" என்று கேட்டால் தட்டை மனதில் நினைத்துக்கொண்டு "இல்லை" என்பார்கள். "இறால், நண்டு, சிப்பி எனக்கு அலர்ஜி, ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு. சாஸிலயும் விழுதிலயும் இருக்கான்னு சமையல்காரர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் ஒரு அட்டையில் எழுதி நீட்டுங்கள். கூட்டம் சேரும் முன்பே உணவகத்துக்குப் போய்விடுங்கள். "தெரியலைங்க" என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அதைச் சாப்பிடாமல் இருங்கள். அவர் உங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறார்.

கொத்தமல்லித் தழை பிடிக்காததற்கெல்லாம் "அலர்ஜி" என்று சொல்லி வைக்கிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன பொய்யால்தான் அடுத்து வருகிறவர் உண்மையைச் சொல்லும்போது சமையலறையில் உதட்டைச் சுழிக்கிறார்கள்.

எல்லாத் தொந்தரவும் அலர்ஜி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வெறும் வாந்தி என்றால், சோறு வெளியில் அதிக நேரம் கிடந்து கெட்டிருக்கலாம். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சரியாகக் குளிரில் வைக்காத சூரை, கானாங்கெளுத்தி மீன்களில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து, பார்ப்பதற்கு அப்படியே அலர்ஜி மாதிரி முகம் சிவக்கும். எங்களுக்கே குழப்பும். நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன். தொண்டை அடைப்பதாகச் சொன்னதும் தோழி பையிலிருந்து செட்ரிசின் மாத்திரை கொடுத்து, "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றிருக்கிறார். பிறகு வாந்தி வரவே கழிவறைக்கு நடத்திப் போயிருக்கிறார்கள். அங்கேதான் சுருண்டு விழுந்தது. இரண்டுமே அன்பால் செய்த தவறு. மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதற்கு அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தேவைப்பட்டால் பேன்ட் துணிக்கு மேலேயே குத்தலாம். ஊசி போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்காரவிடுங்கள். எழுப்பி நடத்தவே நடத்தாதீர்கள். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

உங்களுக்கு டாக்டர் அட்ரினலின் பேனா (நீங்களே குத்திக்கொள்ளக்கூடிய பேனா வடிவ ஊசி) எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அது இப்போது எங்கே இருக்கிறது? ஃப்ரிட்ஜில் என்றால் தவறு, வெயிலில் நிற்கும் காரில் என்றாலும் தவறு. கைப்பையில் இருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மது, வலி மாத்திரை, சாப்பிட்ட கையோடு ஓட்டம் அல்லது ஆட்டம், இவையெல்லாம் சின்ன அலர்ஜியையும் பெரிதாக்கும். பிறந்தநாள் பார்ட்டியில் இதில் குறைந்தது இரண்டு கட்டாயம் இருக்கும்.

மறுநாள் டிஸ்சார்ஜ் சீட்டில் அலர்ஜி என்ற கட்டத்தைப் பார்த்தேன். இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் அழகான கையெழுத்தில் அஜினோமோட்டோ என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டு, "இறால் — பரிசோதித்து உறுதிசெய்யவும்" என்று எழுதி, ஒவ்வாமை நிபுணருக்குக் கடிதமும் பேனாவுக்குச் சீட்டும் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"சரிங்க டாக்டர். அப்போ அந்த அஜினோமோட்டோ மட்டும் வேண்டாம், அவ்வளவுதானே?"

மறுபடி உட்காரச் சொன்னேன்.