‘சின்ன கேஸ்தான்’ என்று கையெழுத்துப் போடும் முன்: அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பறிபோகும் விதம்

“சின்ன கேஸ்தான். ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.” அமெரிக்கக் கோர்ட் வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பொய்யும் இல்லை. மிஸ்டிமீனர் என்பது ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்துக்குக் கீழே உள்ள சிறு குற்றம். பெரும்பாலும் அபராதம், புரொபேஷன் (சிறைக்கு வெளியே கண்காணிப்பு), கவுன்சிலிங் வகுப்பு என்று முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு கையெழுத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை ஆயுளுக்கும் போய்விடலாம் என்பதை அந்த வராந்தாவில் பலர் சொல்வதில்லை. பத்து, இருபது வருஷம் கழித்துத் துப்பாக்கிக் கடையில் படிவம் நிரப்பும்போது தெரியவரும். அல்லது வேறு எதற்கோ வீட்டுக்கு வந்த போலீஸ் அலமாரியைத் திறக்கும்போது தெரியவரும்.

மனைவியை அடித்தவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. தடை விழுந்ததை ஆளிடம் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு மீறியதற்காகப் பிடிக்கிறார்களே, கோபம் அதில்தான். “இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது” என்று கோர்ட்டில் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

பின்னணியை நாலு வரியில் முடித்துவிடலாம். ஃபெலனி குற்றவாளிகளுக்கான கூட்டாட்சித் தடை பழையது. 1996இல் நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் கொண்டுவந்த திருத்தம், குடும்ப வன்முறை சார்ந்த மிஸ்டிமீனர்களையும் அதில் சேர்த்தது. 1996க்கு முன்னால் தீர்ப்பான வழக்குகளுக்கும் அது பொருந்தும். தடையை மீறித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 2022க்குப் பிறகு, 15 வருஷம் வரை சிறை. தோட்டா மட்டும் இருந்தாலும் இதே கணக்குதான். பழைய டப்பாவில் மறந்துபோன நாலு ரவுண்டு போதும்.

இனி, ஆட்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் குழி, குற்றத்தின் பெயர். தீர்ப்புத் தாளில் ‘டொமஸ்டிக்’ (குடும்பம் சார்ந்த) என்ற சொல் இல்லை, வெறும் ‘பேட்டரி’ (ஒருவரை அடித்தல்) என்றுதான் இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவில் ஒருவர் 1994இல் அப்போதைய மனைவியை அடித்த வழக்கில் சாதாரண பேட்டரி என்று ஒப்புக்கொண்டார். பத்து வருஷம் கழித்து வேறொரு புகாருக்காக வந்த போலீஸ் வீட்டில் ரைஃபிளைப் பார்த்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டப்பிரிவின் பெயரில் குடும்பம் இருக்க வேண்டியதில்லை, அடிபட்டவர் மனைவி என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தால் போதும் என்று 2009இல் தீர்ப்பானது. 2014இல் இன்னொரு தீர்ப்பு: காயம் பட வேண்டியதில்லை, எதிராளி விரும்பாதபோது பிடித்துத் தள்ளினாலே ‘பலப்பிரயோகம்’தான். 2016இல் மற்றொன்று: வேண்டுமென்றே செய்யவில்லை, அலட்சியமாகக் கை ஓங்கியதுதான் என்றாலும் தடை உண்டு. இந்த மூன்றாவது வழக்கு தொடங்கிய விதம் வேடிக்கையானது. மெயின் மாநிலத்தில் வெண்தலைக் கழுகு ஒன்றைச் சுட்டுவிட்டார்கள் என்று விசாரிக்கப் போனார்கள். சுட்டவரின் பழைய பதிவைப் புரட்டியதில், காதலியை அடித்த 2004ஆம் வருஷத்து மிஸ்டிமீனர் வெளியே வந்தது.

யாரை அடித்தால் இது பொருந்தும்? கணவன், மனைவி, முன்னாள் துணை, சேர்ந்து வாழ்பவர், தன் பிள்ளையின் மற்றொரு பெற்றோர், தன் சொந்தப் பிள்ளை. கடைசியில் உள்ளதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் பிள்ளையை நாலு அடி போடுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. அது பள்ளிக்கூடத்தின் வழியாகப் போலீசுக்குப் போய், ‘அசால்ட்’ (தாக்குதல்) என்று ஒப்புக்கொண்டு முடிந்தால், இந்தத் தடைக்குள் வந்துவிடலாம். 2022 முதல் காதல் உறவில் இருப்பவர்களும் பட்டியலில் உண்டு. அவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: ஒரே ஒரு வழக்கு, தண்டனை முடிந்து ஐந்து வருஷம் வேறு தப்பு இல்லை என்றால், உரிமை திரும்ப வரும். கட்டிய மனைவி என்றால் அந்த ஐந்து வருஷக் கணக்கு கிடையாது. கூகுளில் ‘5 வருஷம்’ என்று அரைகுறையாகப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலைக்காகத் துப்பாக்கி ஏந்துபவர்களுக்கும் விலக்கு இல்லை. போலீஸ், ராணுவம், ஆயுதம் ஏந்திய செக்யூரிட்டி எல்லோருக்கும் இதே தடைதான். 2009இல் தொடங்கிய, குடிமக்கள் அல்லாதவர்களைச் சேர்க்கும் மாவ்னி திட்டத்தில் தமிழ் தெரிந்தவர்களையும் அமெரிக்க ராணுவம் சேர்த்துக்கொண்டது. அப்படிப் போனவர் வீட்டுச் சண்டையில் இப்படி ஒரு தீர்ப்பு வாங்கினால், சீருடையையே கழற்ற வேண்டிவரும்.

இரண்டாம் குழி இன்னும் ஆழம். இதில் அடிதடியே வேண்டாம். மாநிலம் மிஸ்டிமீனர் என்று பெயர் வைத்திருந்தாலும், அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு வருஷத்துக்கு மேல் என்றால், கூட்டாட்சிச் சட்டம் அதை ஃபெலனி மாதிரியே நடத்தும். நீங்கள் ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். கொடுத்த தண்டனையைப் பார்க்க மாட்டார்கள், கொடுத்திருக்கக்கூடிய தண்டனையைப் பார்ப்பார்கள். மாசசூசெட்ஸில் முதல் முறை குடித்துவிட்டு ஓட்டினாலே அதிகபட்சம் இரண்டரை வருஷம். அந்த அரை வருஷம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பென்சில்வேனியாவில் முதல் தர மிஸ்டிமீனருக்கு 5 வருஷம் வரை. மேரிலாந்தில் இரண்டாம் நிலை அசால்ட் என்பது பெயருக்கு மிஸ்டிமீனர், தண்டனை 10 வருஷம் வரை!

பென்சில்வேனியாக்காரர் பிரையன் ரேஞ்சின் கதையைப் பாருங்கள். 1995இல் உணவு உதவிக்கான விண்ணப்பத்தில் வருமானத்தைச் சரியாகக் காட்டாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று வருஷம் புரொபேஷன், 2,458 டாலர் திருப்பிக் கட்டச் சொன்னார்கள், 100 டாலர் அபராதம். எல்லாம் முடித்தார். 1998இல் துப்பாக்கி வாங்கப் போனால் மறுப்பு. ஏதோ தவறு என்று நினைத்து, மனைவி அவருக்கு மான் வேட்டை ரைஃபிள் வாங்கிக் கொடுத்தார். வருஷங்கள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் ரைஃபிளை டீலரிடம் விற்றுவிட்டு வழக்குப் போட்டார். 2023இலும், உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிய பிறகு 2024 டிசம்பரிலும், மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு அவருக்கானது. அதே மாதிரி வழக்கு உள்ள அடுத்தவர் தனியாகக் கோர்ட் படி ஏற வேண்டும். அதைக் காட்டி நாளைக்கே கடைக்குப் போய்விடாதீர்கள்.

மூன்றாவது குழி, மாநிலத்துக்கு ஒன்று, கூட்டாட்சிக்கு ஒன்று என்று ஓடும் இரண்டு கடிகாரம். குடும்ப உறுப்பினரை அடித்த கிளாஸ் ஏ (மிஸ்டிமீனரில் மிகக் கடுமையான வகை) வழக்குக்கு டெக்சாஸ் மாநிலச் சட்டம், தண்டனை முடிந்து 5 வருஷம் தடை என்கிறது. கலிஃபோர்னியா ஒரு நீண்ட மிஸ்டிமீனர் பட்டியலுக்கு 10 வருஷம் என்கிறது. அந்தக் கெடு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று மாநில அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கணக்கு முடிந்தது உண்மைதான். குடும்ப வன்முறை வழக்கு என்றால் கூட்டாட்சிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டால், “அது எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை.” கலிஃபோர்னியாவில் 1203.4 பிரிவின் கீழ் வழக்கைத் தள்ளுபடி செய்து தருவதாகக் காசு வாங்கும் வக்கீல்களிடம் ஒன்று கேளுங்கள்: “இதனால் துப்பாக்கி உரிமை திரும்புமா?” திரும்பாது. அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது கடைக்கு வருவோம். டீலர் தரும் 4473 படிவத்தில், குடும்ப வன்முறை மிஸ்டிமீனர் உண்டா என்று நேராகவே ஒரு கேள்வி இருக்கும். இன்னொன்று, ஒரு வருஷத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றீர்களா என்று கேட்கும். இரண்டு வருஷம் அல்லது அதற்குக் குறைவான மாநில மிஸ்டிமீனருக்கு விலக்கு உண்டு என்பது கேள்வியில் இருக்காது, பின்னால் உள்ள குறிப்புகளில் இருக்கும். யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? பொய்ப் பதில் தனிக் குற்றம். “சும்மா போட்டுப் பார்ப்போம், மறுத்தால் வந்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2022இல் வந்த சட்டப்படி, மறுப்பு விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீசுக்குத் தகவல் போக வேண்டும். ‘சரி, கொடுக்கலாம்’ என்று வந்துவிட்டாலும் அது நற்சான்றிதழ் இல்லை. கணினியில் பழைய தீர்ப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். பிறகு ஏறினால், துப்பாக்கியைத் திரும்ப வாங்க ஏ.டி.எஃப். (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பு) ஆட்கள் வீட்டுக்கு வரலாம்.

மறுப்பு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் அலைச்சலுக்குத் தயாராகுங்கள். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்குக் காரணம் சொல்லப்படுவதே இல்லை. பரிவர்த்தனை எண்ணை மட்டும் எழுதி வாங்குங்கள். சோதனை நடத்தியது எஃப்.பி.ஐ.யா, மாநிலமா என்று கேளுங்கள். கலிஃபோர்னியா, பென்சில்வேனியா மாதிரி சில மாநிலங்கள் தாங்களே நடத்துகின்றன. எஃப்.பி.ஐ.யிடம் எழுதிக் கேட்டால் ஐந்து வேலை நாளில் காரணம் சொல்ல வேண்டும், ஆட்சேபத்தை 60 நாளில் முடிக்க வேண்டும். இது காகிதத்தில். நடப்பது வேறு: “பதிவு மாநிலத்திலிருந்து வந்தது, அங்கே கேளுங்கள்” என்பார்கள். மாநிலத்தில் கேட்டால், “கோர்ட் அனுப்பியதைத்தான் ஏற்றினோம்.” கோர்ட் கிளார்க்கோ, “அந்த வருஷத்துக் கட்டுகளை அழித்துவிட்டோம்” என்பார். தள்ளுபடியான வழக்கு கைது என்று மட்டும் பதிவாகி, முடிவு ஏறாமலே கிடப்பது இந்தச் சுற்றில்தான் தெரியவரும். கூட்டாட்சி அரசிடமே தடையை நீக்கக் கேட்கும் வழி ஒன்று சட்டத்தில் உண்டு. 1992 முதல் அந்த மனுக்களைப் பார்க்கக் காங்கிரஸ் ஏ.டி.எஃப்.க்குப் பணமே ஒதுக்கவில்லை. கதவு இருந்தது, ஆள் இல்லை. 2025இல் நீதித்துறை அந்தப் பொறுப்பைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு புதிய விதிகளை எழுதத் தொடங்கியது.

வீட்டில் துணைக்குச் சொந்தமான துப்பாக்கி இருந்தால், “அது அவருடையது” என்பது மட்டும் போதாது. நீங்கள் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தாலே உங்கள் வசம் என்று வாதாடுவார்கள். பெட்ரோல் பங்க், மோட்டல் நடத்துபவர்கள் கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்கும் இதேதான். தடை விழுந்த நாளே வக்கீலிடம் கேட்டு டீலருக்கு விற்றுவிடுங்கள், அல்லது உங்களுக்கு எட்டாத வேறொருவருக்கு மாற்றுங்கள். மச்சான் வீட்டில் வைத்துவிட்டு வேட்டைக்குப் போகும்போது வாங்கிக்கொள்வது மாற்றுவது ஆகாது.

குடிமக்கள் அல்லாதவர்களுக்கு இன்னொரு சிக்கல். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவருக்கு, வேட்டை உரிமம் மாதிரி விலக்கு இல்லாவிட்டால், வழக்கே இல்லாதபோதும் துப்பாக்கித் தடை உண்டு. கிரீன் கார்டுக்காரருக்குக் குடும்ப வன்முறைத் தீர்ப்பு நாடுகடத்தலுக்கே காரணமாகும். டெக்சாஸில் தரும் ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ (தீர்ப்பைத் தள்ளிவைத்து, கண்காணிப்புக் காலத்தை ஒழுங்காக முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்வது), துப்பாக்கிச் சட்டத்துக்குப் பொதுவாகத் தண்டனைத் தீர்ப்பு ஆகாது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதைப் பெற்றிருந்தால், குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். கிரிமினல் வக்கீல் “ரெக்கார்டே இருக்காது” என்பார். குடிவரவு வக்கீலிடம் கேட்காமல் நம்பாதீர்கள். நாடுகடத்தல் ஆபத்தை வக்கீல் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. துப்பாக்கி விஷயத்தை நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் தரும் தாளில் பத்தி பத்தியாகப் பொடி எழுத்து இருக்கும். சில மாநிலங்களில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இனிஷியல் போட ஒரு கட்டம் இருக்கும். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, கடகடவென்று போட்டுக்கொண்டே போகச் சொல்வார்கள். நிறுத்துங்கள். வக்கீலிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்தப் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை எத்தனை வருஷம்? இதில் பலப்பிரயோகம் ஒரு கூறா? அதில்லாத வேறு பிரிவுக்கு அரசுத் தரப்பு இறங்கி வருமா? பதிலை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், ‘பரவாயில்லை, புரிகிறது’ என்று தலையாட்ட வேண்டாம். வழக்கு முடிந்த அன்றே, அது எப்படி முடிந்தது, எந்தப் பிரிவு, வக்கீல் இருந்தாரா என்று காட்டும் சான்றிட்ட நகலைக் கோர்ட் கிளார்க்கிடம் கட்டணம் கட்டி இரண்டாக வாங்குங்கள். ஒன்றைப் பாஸ்போர்ட் இருக்கும் இடத்தில் வையுங்கள், ஒன்றை வேறு வீட்டில்.