புரூசிக்: பொருள், பிறப்பு, தமிழ்ச்சொல்

புரூசிக் (பெயர்ச்சொல்): தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைச் சுற்றிப் போடும் முடிச்சு. பாரம் இல்லாதபோது கையால் மேலும் கீழும் நகர்த்தலாம். பாரம் விழுந்தால் நின்ற இடத்திலேயே இறுகிப் பிடிக்கும்.

வேட்டைப் பரணில் ஏறுபவரைத் தரையில் விழாமல் காப்பது பெரும்பாலும் இந்த முடிச்சுதான். மரத்தில் பரணுக்கு மேலிருந்து அடிவரை ஒரு கயிறு (லைஃப்லைன்) கட்டியிருக்கும். அதில் புரூசிக். புரூசிக்கிலிருந்து ஏறுபவரின் ஹார்னஸுக்கு (உடலில் கட்டும் பட்டைக் கச்சைக்கு) ஒரு வார் (டெதர்). ஏற ஏற முடிச்சையும் கூடவே மேலே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். தரையை விட்டுக் கால் எடுத்த நொடி முதல் மறுபடி தரையில் வைக்கும்வரை இந்த இணைப்பு அறுபடக் கூடாது. பரணில் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் ஏறும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும், இறங்கும்போதும் காப்பில்லாமல் இருக்கிறார்கள். ஆபத்து கூடுதலாக இருப்பதோ அந்த மூன்று வேளைகளில்தான்.

பெயர் ஓர் ஆளுடைய பெயர். கார்ல் புரூசிக் (1896–1961) ஆஸ்திரிய மலையேறி. 1931-இல் இந்த முடிச்சை மலையேறிகளுக்கு விளக்கி எழுதினார். பனிப்பிளவில் விழுந்து கயிற்றில் தொங்குபவர் அதே கயிற்றைப் பிடித்து மேலேறி வர இது உதவியது. பின்னர் குகை ஆய்வாளர்கள், மரம் வெட்டுவோர், மீட்புப் படையினர் வழியாகப் பரவி வேட்டைப் பரணுக்கும் வந்தது. பலர் இரண்டு ‘எஸ்’ போட்டு எழுதுவதைப் பார்த்து பிரஷ்யா நாட்டோடு தொடர்பு இருக்குமோ என்று எண்ணுவதுண்டு. தொடர்பு இல்லை, ஒரே ‘எஸ்’தான்.

சொல் இப்போது மூன்று பொருளில் புழங்குகிறது: முடிச்சு, முடிச்சுப் போடும் கயிற்று வளையம், அந்த வளையங்களைக் கொண்டு கயிற்றில் ஏறும் செயல். ‘புரூசிக்கை மாற்று’ என்றால் வளையத்தை மாற்றுவதா, முடிச்சை அவிழ்த்துப் போடுவதா? மரத்தடியில் இந்தக் குழப்பம் வேண்டாத குழப்பம். தமிழில் இரண்டையும் பிரித்தே சொல்லலாம்: முடிச்சுக்குப் பிடிமுடிச்சு, வளையத்துக்குப் பிடிவளையம். ‘சுருக்கு’ பொருந்தாது, சுருக்கு இழுத்தால் வாய் குறுகும், இதுவோ மற்றொரு கயிற்றைப் பற்றுவது. ‘உராய்வு முடிச்சு’ இந்த வகை முழுவதற்கும் பொதுப்பெயராக இருக்கலாம். அந்த வகையில் கிளெம்ஹைஸ்ட் போன்றவை ஒரு பக்கம் இழுத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். புரூசிக் எந்தப் பக்கம் இழுத்தாலும் பிடிக்கும். தலைகீழாகப் போட்டுவிட்டோமோ என்ற பயமே இல்லை என்பதால், பரணுக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

கூட வரும் சொற்கள்: லைஃப்லைன் உயிர்க்கயிறு, ஹார்னஸ் காப்புக்கச்சை, டெதர் இணைப்பு வார், காரபினர் பூட்டுக்கொக்கி. ட்ரீ ஸ்டாண்டுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. பரண் இருக்கிறது, அதற்கும் முந்தைய இதணம் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தினைக்காவலுக்கு ஏறும் இதணம் மரத்தின் மேல் கட்டியதுதான்.

இனிப் பிடிமுடிச்சு எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். வார் கீழே இழுக்கும்போது சுற்றுகள் வளைந்து உயிர்க்கயிற்றை நெரிக்கின்றன. அந்த நெரிப்பிலிருந்து வரும் உராய்வே பிடிப்பு. ஆகவே வளையம் உயிர்க்கயிற்றைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும்; அதன் தடிமனில் 60 முதல் 80 விழுக்காடு என்பது வழக்கமான கணக்கு. உயிர்க்கயிறு 11 மி.மீ. என்றால் வளையம் 7 அல்லது 8 மி.மீ. இரண்டும் ஒரே தடிமனானால் சுற்றுகள் வளையாது, முடிச்சு வழுக்கும். மிக மெலிந்தால் நன்றாக இறுகும், ஆனால் விழும் பாரத்தைத் தாங்க வலு போதாது, இறுகியபின் அவிழ்க்கவும் வராது.

போடும் முறை: வளையத்தை உயிர்க்கயிற்றுக்குப் பின்னால் வைத்து, இணைப்பு முடிச்சுள்ள (கயிற்றின் இரு நுனியையும் சேர்த்து வளையமாக்கும் முடிச்சுள்ள) பக்கத்தை மறுபக்க வளைவுக்குள் விட்டு எடுக்க வேண்டும். இப்படி மூன்று முறை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் உள்ளே. முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் கயிற்றின் மேல் மொத்தம் ஆறு சுற்று தெரியும்: மேலே மூன்று, கீழே மூன்று, நடுவே குறுக்காக ஒரு பாலம். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் விரலால் நீவி, அடுத்தடுத்துப் படிய வைக்க வேண்டும். குறுக்கே ஏறிய ஒரு சுற்றே பிடிப்பைக் கெடுக்கும். இணைப்பு முடிச்சு பாலத்திலும் பூட்டுக்கொக்கி மாட்டும் வளைவிலும் படாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். கையால் கட்டிய வளையம் என்றால் இரட்டை மீனவர் முடிச்சு, நுனி 7–8 செ.மீ.க்குக் குறையாமல். தொழிற்சாலையில் தைத்தது கிடைத்தால் அதுவே மேல். பிறகு தரையிலேயே, முழங்கால் மடக்கி முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்க வேண்டும். அப்போது துளி நகர்ந்தாலும் அந்தக் கயிறு–வளையச் சோடி ஆகாது.

நூலிழையும் முக்கியம். நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 பாகை செல்சியஸ் வரை உருகாமல் தாங்கும். பாலிபுரொப்பிலீன் 165 பாகையை ஒட்டி உருகும், வெயிலிலும் சீக்கிரம் நொறுங்கும். மிக வலுவானது என்று விற்கும் உயர்வகைப் பாலியெத்திலீன் சுமார் 145 பாகையிலேயே இளகும், தொட்டாலே வழவழப்பு. முடிச்சு சிறிது வழுக்கினாலே உராய்வுச் சூடு பிறக்கும் என்பதால் பிந்தைய இரண்டும் பிடிவளையத்துக்கு ஆகாது, எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருந்தாலும்.

இனி, பழக்கத்தில் வரும் கேடு. முடிச்சின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு இறங்குபவர் வழுக்கினால், பதற்றத்தில் கை இன்னும் இறுகும். இறுகிய கை சுற்றுகளை வளையவிடாமல் கீழே தள்ளிக்கொண்டே போகும். முடிச்சு பிடிக்கவே பிடிக்காது. ஏறும்போது கீழிருந்து மேலே தள்ள வேண்டும். இறங்கும்போது நின்ற நிலையில் இரு விரலால் ஓர் அடி இறக்கி, கையை எடுத்துவிட்டு, பிறகுதான் அடுத்த படிக்குக் கால். உறைபனி, சேறு, பிசின் ஒட்டிய கயிற்றிலும் பிடிப்பு குறையும். அங்கே நான்காம் சுற்று ஒன்று சேர்த்து மறுபடி தொங்கிப் பார்க்கலாம்.

பரணில் உட்கார்ந்ததும் முடிச்சு தலைக்கு மேலே இருக்க வேண்டும், வாரில் தொய்வே இல்லாதபடி. இடுப்பளவில் விட்டுவிட்டால், வார் இறுகும்வரை வெகுதூரம் விழ நேரும். உயிர்க்கயிறு அதிகம் நீளாத வகை. விழுந்து நிற்கும் அதிர்ச்சி முழுவதும் உடம்பில்தான் இறங்கும். வாரில் கிழிந்து விரியும் தையல் வைத்திருப்பது இதற்காகவே. கச்சையும் முழு உடலுக்கானதாக வேண்டும். இடுப்புப் பட்டை மட்டும் போட்டவர் தலைகுப்புறத் தொங்குவார், மூச்சு திணறும்.

தடுத்து நிறுத்தியதோடு ஆபத்து தீர்வதில்லை. அசையாமல் தொங்கினால் தொடைவார் அழுத்தி, கால்களில் இரத்தம் தேங்கும். அரைமணி நேரத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாகலாம். இதற்காக இன்னொரு நீளமான பிடிவளையத்தைக் கச்சைப் பையில் வைத்திருக்க வேண்டும். முதல் முடிச்சுக்குக் கீழே அதைப் போட்டு, வளையத்தில் காலை ஊன்றி நின்றால் தொடைவார் தளரும். அப்படியே பரணுக்கோ ஏணிக்கோ திரும்பவும் முடியும். தொங்கும் நிலையில் ஒற்றைக் கையால் இதைப் போட வருமா என்று தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கிப் பழக வேண்டும்.

ஒருமுறை விழுந்து தாங்கிய பிடிவளையத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும். உயிர்க்கயிறும் வாரும் கச்சையும் அதே கதிதான். விழாத வளையத்திலும் பளபளத்துக் கெட்டியான இடம், புசுபுசுவென்று எழுந்த நூல், அணில் கடித்த தடம் ஏதேனும் இருந்தால் மாற்ற வேண்டும். பருவம் முடிந்ததும் உயிர்க்கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்து எடுத்து, நிழலில் உலர்த்தி வைக்கவும்.