பேய்மிரட்டி: தண்ணீர் கேட்காத புதினாச் சொந்தம்

செட்டிநாட்டுச் செம்மண்ணில் புதினா தானாக முளைத்து நிற்காது. அதற்குக் கிணற்றடி ஈரம் வேண்டும், கொஞ்சம் நிழலும் வேண்டும். அதே குடும்பத்தில் பிறந்த பேய்மிரட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை. காரைக்குடியைச் சுற்றியுள்ள சாலையோரம், கண்மாய்க்கரை மேடு, செம்பூராங்கல் தலைகாட்டும் பொட்டல் என்று கிடைத்த இடத்தில் இடுப்புயரம் வளர்ந்துவிடும்.

புதினாவின் உறவு என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டினால் நாலு மூலை தட்டுப்படும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் கீழே உள்ளதற்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். பூவுக்கு மேலுதடு, கீழுதடு உண்டு. வெளிர் ஊதாக் கீழுதட்டில் தேனீ வந்து உட்காரும்போது, மேலே இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். தும்பையும் துளசியும் இந்தக் குடும்பம்தான். செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் முதலில் பேய்மிரட்டியைப் பூனைப்புதினாவின் பேரினத்தில் சேர்த்திருந்தார். இன்றைய தாவரவியல் பெயர் அனிசோமீலிஸ் மலபாரிகா.

இந்தச் செடியின் திறமை முழுவதும் இலையின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. இலையும் தண்டும் சாம்பல் பூசினாற்போலத் தெரிவதற்குக் காரணம், நெருக்கமாக மூடியிருக்கும் வெள்ளை முடிகள். வெயிலில் ஒரு பகுதியை இவை திருப்பி அனுப்பிவிடுகின்றன. முடிகளுக்கு இடையே காற்று அசையாமல் தங்குவதால், சித்திரை மாத அனல்காற்று இலைத்துளைகளை நேராகத் தொட முடிவதில்லை. இலையிலிருந்து நீர் ஆவியாவது குறைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியே வாழும் பூமியில் இது பெரிய சொத்து.

இன்னொரு வகை முடியும் உண்டு, அது சுரப்பி முடி. நுனியில் கண்ணுக்குத் தெரியாத பை, அதற்குள் வாசனை எண்ணெய். இலையைக் கசக்கியதும் பை உடைந்து நெடி மூக்கில் ஏறுகிறது. நமக்கு அது மருந்து வாசனை; இலை தின்ன வரும் பூச்சிக்கோ எச்சரிக்கை.

பேய்மிரட்டியின் பச்சை இலையையே திரியாக்கி விளக்கேற்றுவது உண்டு. சரி, ஈரம் காயாத இலை விளக்கில் எரிகிறதே, அது எப்படி? பறித்த இலையைத் திரியாகச் சுருட்டி, எண்ணெயில் நனைத்து, அகலில் வைத்துப் பற்றவைத்தால் முதலில் சடசடவென்று பொரியும். அது நுனியில் உள்ள நீர் கொதிக்கும் சத்தம். நுனி காய்ந்து கருகியதும் சுடர் நிலைத்துவிடும். பஞ்சுத் திரியிலும் எரிவது பஞ்சல்ல, எண்ணெய்தான். பஞ்சிழைகளின் இடுக்கு வழியாக எண்ணெய் மேலேறுகிறது. இங்கே அந்த வேலையை இலையின் முடிகள் செய்கின்றன. முடி அவ்வளவாக இல்லாத புதினா இலையைத் திரித்து வைத்தால் இப்படி எரியாது.

இந்த இலைத்திரி விளக்கின் புகைக்குக் கொசு வராது என்பது ஊர் வழக்கு. இலைச்சாறு கொசுப்புழுக்களைக் கொல்வதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சாறு வேறு, புகை வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை நிரூபித்ததாகச் சொல்லக் கூடாது. சளி, காய்ச்சலுக்கு இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதும், குழந்தைகளின் மாந்தத்துக்குக் கஷாயம் கொடுப்பதும் பழைய பழக்கம். இதிலுள்ள ஓவடோடையோலைட் என்ற பொருள் செல்களையே பாதிக்கக்கூடியது என்பதால், உள்ளுக்குக் கொடுப்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

வீட்டில் வளர்க்க ஆசையா? காய்ந்த பூக்கதிரை உள்ளங்கையில் உதறினால் சின்னச் சின்ன விதைகள் விழும். புரட்டாசி கடைசியில் தூவிவிட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.