அக்ரெஷன்: ஆக்ரோஷமா, ஆக்கிரமிப்பா?

மதுவையும் அக்ரெஷனையும் (aggression, பிறரைத் தாக்கப் பாயும் போக்கு) பற்றி ஓர் ஆய்வுச் செய்தி வந்தால், தமிழில் அது பெரும்பாலும் 'ஆக்ரோஷம்' ஆகிவிடும். சிலர் 'ஆக்கிரமிப்பு நடத்தை' என்று எழுதுவார்கள். எலி ஆக்கிரமித்தது என்று படித்தால் எந்த ஏரிப் புறம்போக்கை என்று கேட்கத் தோன்றுகிறது.

வேரைப் பார்த்தால் ஆக்கிரமிப்பில் தவறில்லை. அக்ரெஷனின் மூலமான லத்தீன் வினைக்கு, ஒருவரை நோக்கி அடியெடுத்து வைத்தல் என்று பொருள். வடமொழி 'ஆ + க்ரம்' என்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஆக்ரோஷம் வேறு குடும்பம். அதன் வேர் 'க்ருஶ்', கத்துவது, ஏசுவது.

ஆய்வுக்கூடத்தில் கத்தலுக்கு வேலை குறைவு. ஓர் ஆண் சுண்டெலியைப் பெண் துணையோடு ஒரு கூண்டில் குடிவைப்பார்கள். கூண்டு அதன் வீடாகிவிட்ட பிறகு துணையை எடுத்துவிட்டு, வேறோர் ஆணைச் சில நிமிடம் உள்ளே விடுவார்கள். முதல் கடி எத்தனையாவது வினாடியில் விழுந்தது, மொத்தம் எத்தனை கடி, வாலை எத்தனை முறை படபடவென்று அடித்தது, எல்லாம் கணக்கு. 'கோபமா?' என்று எலியைக் கேட்க முடியாதே.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளவுஸ் மிச்செக் என்ற ஆய்வாளர் இப்படித்தான் பல ஆண்டுகள் எண்ணினார். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போனால், சில எலிகளுக்கு மட்டும் கடி எகிறுகிறது. பலவற்றுக்கு மாற்றமில்லை, சிலவற்றுக்குக் குறைகிறது. அளவைக் கூட்டினால் தள்ளாடி அடங்கிவிடும். 1985இல் வெளிவந்த அணில்குரங்கு ஆய்வில், மது கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் ஆணைத்தான் சண்டைக்குக் கிளப்பியது. கீழ்ப்படிந்து கிடந்தவை சும்மா இருந்தன. தெருவில் பார்ப்பதுதான் இதுவும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் 'வலுச்சண்டை' நினைவுக்கு வந்தது. நல்ல சொல், ஆனால் பொருந்தவில்லை: கூண்டுக்குள் வலிய வந்தது விருந்தாளி, கடிப்பதோ வீட்டுக்காரன்.

என் ஓட்டு 'தாக்குமுனைப்பு'க்கு. முனை என்றால் போர்க்களம்; முனைதல், ஒன்றில் இறங்குதல். 'முனைவு முனிவாகும்' என்று தொல்காப்பியமே சினத்தையும் அதே வேரில் சேர்த்துவிடுகிறது. 'மது கொடுத்தபின் சில எலிகளில் தாக்குமுனைப்பு கூடியது' என்று எழுதினால் உறுத்தாது. வாலடிப்பை மட்டும் 'மிரட்டல்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.