செரட்டோனினையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செரட்டோனின் என்பது மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள்; பல மனச்சோர்வு மருந்துகள் அதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. எனவே நியாயமான கேள்வியும்கூட. ஆனால் ரத்தத்தில் எவ்வளவு செரட்டோனின் ஓடினாலும் அது மூளைக்குள் போய்ச் சேராது.

1885-இல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியது; மூளை மட்டும் வெளிறியே கிடந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மை இல்லை என்று நினைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், மூளையைச் சூழ்ந்த திரவத்திலேயே சாயத்தைச் செலுத்தினார். மூளை நீலமாகிவிட்டது! அப்படியானால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒன்று தடுக்கிறது.

அந்தத் தடை, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர்தான். அங்குள்ள செல்களைப் புரதங்கள் இடைவெளியே இல்லாமல் தைத்து வைத்திருக்கின்றன. உள்ளே போக வேண்டுமானால் செல்லையே ஊடுருவ வேண்டும். செல்லின் சவ்வோ கொழுப்பாலானது. நீரோடு ஒட்டும் செரட்டோனின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கொழுப்பில் கரையும் ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து நுழைந்துவிடுகிறது.

அதற்கும் பாதை எளிதல்ல. ரத்தத்தில் சுமார் 94 சதவீத ஃபுளுவாக்செட்டின் புரதங்களோடு ஒட்டிக்கிடக்கிறது. மிஞ்சியவற்றிலும் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் கொண்டவை. கொழுப்புச் சவ்வு அவற்றை ஏற்காது. எந்த நொடியிலும் மின்னூட்டம் இல்லாமல் இருப்பவை ஆயிரத்தில் ஒரு சில மூலக்கூறுகளே. அவை நழுவி உள்ளே போனதும் வேறு சில தம் மின்னூட்டத்தை இழக்கின்றன. புரதங்களும் பிடியிலிருந்து சிலவற்றை விடுகின்றன. இப்படியே வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சுவரில் காவலும் உண்டு. பி-கிளைகோபுரதம் என்ற பம்ப், நுழைய வரும் மூலக்கூறுகளைச் சவ்விலேயே பிடித்து, ஆற்றலைச் செலவழித்து மீண்டும் ரத்தத்துக்குள் தள்ளுகிறது. இந்தப் பம்ப் இல்லாத எலிகளின் மூளையில் சிட்டலோப்ராம் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து கூடுதலாகச் சேர்கிறது.

முதல் வாரத்திலேயே "மருந்து எனக்கு வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இத்தனையையும் தாண்டி, விழுங்கிய சில மணி நேரத்திலேயே மருந்து மூளைக்குள் போய், செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதங்களை அடைக்கத் தொடங்கிவிடுகிறது. மனம் தேறச் சில வாரங்கள் ஆவது, பெரும்பாலும் நரம்புச் செல்கள் அந்தப் புதிய நிலைக்கு ஏற்பத் செரட்டோனினை உணரும் தங்கள் ஏற்பிகளை மெல்ல மாற்றிக்கொள்வதால்தான் என்று கருதப்படுகிறது.