மழைக் கணக்கில் ஒரு ஜோடி விளையாட்டு

“போன வருடம் வெள்ளம், இந்த வருடம் வறட்சி. இதில் காலநிலை மாறுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள மழைமானிகளின் அளவுகளை, ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்புக்குப் பொறுப்பு என்று பார்த்துச் சராசரி எடுத்து, வருடத்துக்கு ஓர் எண்ணாகச் சுருக்குவார்கள். வெப்பநிலைக்கும் ஏறக்குறைய இதே வழிதான். அப்புறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம்: அந்த எண்கள் காலப்போக்கில் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று பார்க்கும் மான்-கெண்டல் சோதனை. 1945-இல் ஹென்றி மான் முன்வைத்தது.

ஐந்து வருட மழை, மில்லிமீட்டரில், இப்படி என்று வையுங்கள்: 820, 760, 900, 840, 910. ஒவ்வொரு வருடத்தையும் அதற்குப் பின்னால் வரும் எல்லா வருடங்களோடும் ஒப்பிடுங்கள். பின்னது பெரிதென்றால் +1, சிறிதென்றால் -1. மொத்தம் பத்து ஜோடிகள். எட்டில் ஏற்றம், இரண்டில் இறக்கம். கூட்டினால் 6.

கடைசி வருடம் 910-க்குப் பதில் 2,500 கொட்டியிருந்தால்? அப்போதும் அதே 6! நேர்கோடு பொருத்திப் பார்த்திருந்தால் அந்த ஒரு பேய்மழையே கோட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும். இங்கே அதன் பாச்சா பலிக்காது.

சரி, 6 என்றால் மழை கூடுகிறதா? ஐந்து எண்களையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடுங்கள். 120 வரிசைகள் வரலாம். அவற்றில் 14 வரிசைகளில் 6-ஓ அதற்கு மேலோ சும்மாவே வந்துவிடும். இதை நம்பி வாயைத் திறக்கக் கூடாது. 30 வருடக் கணக்கென்றால் 435 ஜோடிகள். அங்கே கூட்டுத்தொகை ஏறக்குறைய 110-ஐத் தாண்டினால், அல்லது -110-க்குக் கீழே போனால், அது தற்செயலாக நேர வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. இந்தக் கணக்கு ஒவ்வொரு வருடமும் தனித்தனி என்று நினைத்துக்கொள்கிறது; ஆனால் ஒரு வருடச் சூடு அடுத்த வருடத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தனித் திருத்தம் உண்டு.

பொதுவாக வெப்பநிலையில் போக்கு சீக்கிரம் பிடிபடும். மழை வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஆடுவதால் நீண்ட பதிவு வேண்டும். புதுக் கருவி வாங்கப் பணம் கேட்டால் கிடைத்துவிடுகிறது. பழைய மழைமானியை அதே இடத்தில் வைத்துத் தினமும் அளக்கப் பணம் கேட்டுப் பாருங்கள்!

இந்தச் சோதனைக்குக் காரணம் தெரியாது. மனிதர்கள் கூட்டிய பசுங்குடில் வாயுக்கள் இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று கணினியில் காலநிலை மாதிரிகளை ஓட்டி அதைத் தனியாகத் தேடுவார்கள். அதற்கும் முன்னால் ஒவ்வொரு மழைமானியையும் பக்கத்து மானிகளோடு ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தனியாக இறங்கிக்கொண்டே போனால், அதன் அருகே ஏதாவது மரம் வளர்ந்து மழையை மறைக்கிறதா என்று போய்ப் பார்ப்பது நல்லது.